பம்ப் ஷூவும் சேலம் உடுப்பும்

எனக்கு ஓர் இடத்தில் நிலைகொள்ளாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டு வாசலில் வண்டியும் ஆளும் போய்க்கொண்டே இருப்பார்கள். நானும் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். இவளுக்குக் காலில் சக்கரம் என்று அம்மா திட்டுவாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்தார்கள். நாலு பக்கமும் கரும்பு. அது வளர்ந்துவிட்டால் அடுத்த வீட்டுக் கூரைகூடத் தெரியாது. யுத்தம் தொடங்கியிருந்த சமயம் அது.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் குடையும் செருப்பும் பெண் வீட்டார் கொடுக்க வேண்டும். எல்லாரும் தோல் செருப்பு கொடுப்பார்கள். என் அப்பா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். துணிமணியில் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கடைவீதியில் ஒரு பாய் கடைக்குப் போய்க் கறுப்பு பம்ப் ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தார். கயிறு கிடையாது, கொக்கி கிடையாது. காலை உள்ளே விட்டால் போட்டாயிற்று, இழுத்தால் கழன்றது. வேட்டிக்கும் ஆகும், கால்சராய்க்கும் ஆகும் என்று பாய் சொன்னாராம். "மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவரு. நாளைக்கு சேலத்துல வேலைன்னு வந்தா உதவும்" என்றார் அப்பா. அந்த 'நாளைக்கு' என்ற வார்த்தையைத்தான் நான் சீதனமாகக் கொண்டுபோனேன்.

மணவறையை விட்டு இறங்கி அவர் அதைப் போட்டபோது சுற்றியிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். கயிறு கட்ட மறந்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார். "என்னங் கண்ணு இது, மொட்டை ஜோடு?" அதற்கப்புறம் அந்த வீட்டில் அது மொட்டை ஜோடுதான்.

நாலு முழ வேட்டிக்கு அதைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் முதல் தடவை வெளியே கிளம்பியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேட்டி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறுங்கால். அதற்கும் கீழே பளபளவென்று இரண்டு கறுப்பு வஸ்து, எருமைக் குளம்பு மாதிரி. நான் அவரை உள்ளே கூப்பிட்டு வேட்டியை மாற்றச் சொன்னேன். ஆண்பிள்ளை உடுத்துவதில் பெண்பிள்ளை தலையிடுவதா என்று அத்தை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. விடுவேனா?

எட்டு முழ வேட்டிதான் அந்த ஷூவுக்குச் சரி. கரை கணுக்காலைத் தொட்டுக்கொண்டு தொங்க வேண்டும். நடக்கும்போது ஷூவின் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். மேலே கோட்டு போட்டால் திருச்செங்கோட்டுத் தாலுகா கச்சேரிக்குப் போகலாம். கோட்டை எடுத்துவிட்டு மெல்லிய ஜிப்பா போட்டால் நாமக்கல்லில் அவருடைய சிநேகிதர்களைப் பார்க்கப் போகலாம். வேட்டிக்குக் காலுறை போடவே கூடாது. ஒரு தடவை என் பேச்சைக் கேட்காமல் போட்டுக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனார். கோட்டு, வேட்டி, காலுறை, ஷூ. ஒரு வீட்டு வாசலில் நின்று வழி கேட்டிருக்கிறார். கடனுக்கு ஜப்தி செய்ய வந்த கோர்ட்டு அமீனா என்று நினைத்து, அந்த வீட்டுப் பெண்கள் அண்டா குண்டாவையெல்லாம் பின்வாசல் வழியாகக் கரும்புக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். அவரும் விஷயம் புரிந்து, நான் அமீனா இல்லை என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடியிருக்கிறார். அப்புறம் கேட்க வேண்டுமா, அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

காலுறை கால்சராய்க்குத்தான். வெள்ளை டிரில் துணியில் ஒரு கால்சராய், கழுத்து மூடிய கோட்டு, கறுப்புக் காலுறை, அந்த ஷூ. இதுதான் சேலம் உடுப்பு. திருச்செங்கோட்டுத் தையல்காரர் கால்சராயைக் கொஞ்சம் கட்டையாகத் தைத்துவிட்டார். நான் ஓரத்தைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை இறக்கித் தைத்தேன். கால்சராய் ஷூவின் மேல் வந்து லேசாக உட்கார வேண்டும். சுருங்கி மடியக் கூடாது. கயிறு வைத்த ஷூவாக இருந்தால் அந்த முடிச்சு எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு விரல் தூக்கினாலும் தப்பு தெரிந்துவிடும்.

அந்த உடுப்பு ஏன் அத்தனை முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் சேலத்தில் ஒரு நூல் மில்லின் கிடங்கில் வேலை பார்த்தான். மில் ஆபீசில் ஓர் இடம் காலியாகப் போகிறது, மச்சானுக்காக மானேஜரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நல்ல உடுப்பில் வந்து பார்க்கச் சொல் என்று ஆள் சொல்லியனுப்பியிருந்தான். இந்த வேலை கிடைத்தால் சேலத்தில் குடித்தனம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் கரும்பு. எனக்கு நடுவில் எதுவும் இல்லை. அத்தைக்கு மகனை அனுப்ப மனசில்லை. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, மோர் ஊற்றும்போது கொஞ்சம் கூடுதலாகப் பெருமூச்சு விடுவார். அவ்வளவுதான்.

என் சங்கடம் வேறு. வீட்டை விட்டுப் புறப்படுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் வீட்டிலும் இது உண்டு, ஆனால் புகுந்த வீட்டில் சட்டம் மாதிரி. கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரமுங்களா?" என்று கேட்கலாம். அவர் "ஆமா, கொஞ்சந் தூரந்தான்" என்பார். காலை நேரத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் கிடைக்காது.

அதனால் நான் உடுப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பழகினேன். காலையில் அவர் எதை எடுத்துவை என்கிறாரோ அதுதான் செய்தி. எட்டு முழமும் கோட்டும் என்றால் கச்சேரி. ஜிப்பா என்றால் நாமக்கல். சாயங்காலம் சிரித்த முகத்தோடு வருவார். துண்டும் தோல் செருப்பும் என்றால் காட்டு வேலை. "அந்த வெள்ளைக் கால்சராயை எடு" என்றால் சேலம். தேங்காய்த் தொட்டிக் கரியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஊதி ஊதிச் சூடு பண்ணுவேன். பாலிஷ் டப்பா கிடைக்காத காலம். விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு ஷூவைத் தேய்ப்பேன். அவர் காலை உள்ளே விட்டு, குதிகாலை ஒரு தட்டுத் தட்டி, "வாரேன்" என்று கிளம்புவார். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸின் புகை கரும்புக்கு மேலே நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலை ஓடாது. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். வாசலுக்கு வருவேன், பார்க்க ஒன்றும் இருக்காது, உள்ளே போவேன். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே வாய்க்காலுக்குப் போவேன். "ஏஞ் சாமி இப்பிடி அலையற, செத்த உக்காரு" என்பார் அத்தை.

மூன்று தடவை அவர் சேலம் உடுப்பில் போனார். மூன்று தடவையும் பொழுது சாய்ந்து வந்து, "சொல்லி உடறாங்களாம்" என்றார். மில்காரர்கள் என்றால் அப்படித்தான் இழுத்தடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே உட்காரவைத்தார்கள், மானேஜர் எப்படி இருப்பார் என்று கேட்பேன். அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விடுவார்.

மூன்றாவது தடவை போய்வந்த மறுநாள் காலையில், முன்னறை மூலையில் வைத்திருந்த ஷூவுக்கு எறும்பு போய்க்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு இல்லை, நிலைப்படியிலிருந்து ஒரு சாரை. ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் பழுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது. சுரண்டினேன். வெல்லப் பாகு.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி இருக்கிறது. மூட்டை இறக்கும் தெருவில் வெல்லம் மிதிபட்டுக் கிடக்கும். அந்த வழியாக எங்கள் அம்மா வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், சொல்ல மறந்துவிட்டார் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அப்புறம் தோலுக்கும் அடிக்கும் நடுவே ஒரு நார் சிக்கியிருந்ததைப் பார்த்தேன். இழுத்தேன். கரும்புச் சக்கை. மண்டிக்கு வெல்லம் வரும். சக்கை எதற்கு வரப்போகிறது? சக்கை இருக்கிற இடம் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்றுதான். அது சேலத்தில் இல்லை. எங்களுக்கு அடுத்த ஊரில் இருக்கிறது.

ஷூவைக் கையில் பிடித்தபடியே அத்தையிடம் போனேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"உனக்குத் தெரியாதா சாமி? அவன் தலைமயிரெல்லாம் வெல்ல வாசம் அடிக்குமே. தெரிஞ்சுதான் சும்மா இருக்கறீன்னு நெனச்சேன்."

வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. கிணற்றடியில் தண்ணீர் சேந்துகிறவளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் ஷூவையும் கால்சராய் மடிப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அதைப் போட்டிருந்த ஆளை ஒரு நாளும் கிட்டப் போய் முகரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அவர் காட்டிலிருந்து வருகிறவரை வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தேன்.

வந்தவுடன் ஷூவைக் காலடியில் வைத்தேன். புறப்படும்போது கேட்கக் கூடாது. போய்வந்த பிறகு கேட்கலாம்.

"நேத்து எங்க போனீங்க?"

அவர் ஷூவைப் பார்த்தார். மறைக்கப் பார்க்கவில்லை. முதல் தடவை மில்லின் கேட்டு வரைக்கும் போனாராம். உள்ளே போகக் கால் வரவில்லை, திரும்பிவிட்டார். அடுத்த இரண்டு தடவையும் சேலத்துக்கே போகவில்லை. அடுத்த ஊரிலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, தெரிந்தவர் ஒருவரின் கொட்டகைக்குப் போய், கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கால்சராயை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு கொப்பரையில் பாகு கிண்டியிருக்கிறார். பாகு பதம் வருகிறதைப் பார்க்கிறது அவருக்கு அவ்வளவு பிடிக்குமாம். தன் பங்கு நிலத்தில் ஒரு கொட்டகை போட வேண்டும் என்பதுதான் ஆசையாம். கல்யாணமாகி இத்தனை நாளில் இதை இப்போதுதான் சொன்னார்.

"அப்ப எங்கிட்டப் பொய் சொன்னீங்க."

"நீ தூரமான்னு கேட்ட. தூரந்தான்னு சொன்னேன்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "அந்தக் கால்சராய்க்கு இஸ்திரி போடற அன்னிக்கு நீ பாட்டுப் பாடற. வேற ஒரு நாளும் பாடறதில்ல. அதான் எடுத்து வெக்கச் சொன்னேன்."

நான் பாடுவதே எனக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால் ஒருத்தி என்ன செய்வாள்? நெகிழ்ந்துபோவாள். நானும் கொஞ்சம் நெகிழ்ந்தேன். ஆனால் என் சேலத்தை விட்டுக்கொடுக்க அது போதவில்லை. அண்ணன் மூன்று தடவை மானேஜரிடம் தலை குனிந்திருப்பான். ஒரே ஒரு தடவை நிஜமாகவே உள்ளே போய்விட்டு வாருங்கள், நானும் கூட வருகிறேன், வேண்டாம் என்பதை அவர்கள் சொல்லட்டும் என்றேன். அவர் ஷூவை எடுத்து மூலையில் வைத்தார். பிறகு சரி என்றார்.

அந்த வாரமே கிளம்பினோம். நான் அன்று பாடவில்லை. கவனமாக உதட்டைக் கடித்துக்கொண்டுதான் இஸ்திரி போட்டேன். பஸ்ஸில் அவர் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தார். திருச்செங்கோட்டில் பஸ்ஸுக்குக் கரி போட்டு ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் கீழே பார்த்தேன். அவர் குதிகாலை ஷூவிலிருந்து வெளியே எடுப்பதும் உள்ளே விடுவதுமாக இருந்தார். எனக்கும் இருப்பு கொள்ளவில்லை, அவருக்கும் கொள்ளவில்லை. ஆனால் எனக்கு முன்னால் போக வேண்டும். அவருக்குத் திரும்பிப் போக வேண்டும்.

சேலத்தில் இறங்கி, மில்லுக்கும் பிறகு செவ்வாய்ப்பேட்டைக்கும் என்று பேசி ஒரு ஜட்கா பிடித்து மில் வாசலுக்குப் போனோம். அவர் உள்ளே போனார். இந்தத் தடவை கேட்டைத் தாண்டுவதை என் கண்ணால் பார்த்தேன். நான் ஜட்காவிலேயே இருந்தேன். எதிரில் ஒரு கடையில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்தது. சைக்கிள் மணி, தறிக்கு நூல் ஏற்றிப் போகிற வண்டி, யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம். நான் அதற்குள் வீடு பார்த்து முடித்துவிட்டேன். தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று கட்டாயம் வேண்டும். சாயங்காலம் கடைவீதிக்குப் போய்வரத் தோதாக இருக்க வேண்டும். திரைக்கு என்ன துணி என்பது வரைக்கும் வந்துவிட்டேன்.

அவர் வெளியே வந்தார். கேட்டிலிருந்து ஜட்காவுக்கு வருகிறவரை அவரைப் பார்த்தேன். கால்சராய் ஷூவின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. உடுப்பில் குறை சொல்ல இடமே இல்லை. நான் செய்தது அல்லவா. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"குடுக்கறேன்னுட்டாங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் நான் அந்தக் கரும்புக்குள் கிடந்தேன். எந்தத் தேதிக்கு வரச் சொன்னார்கள் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அவர் குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவர்களுக்கு அப்படி முகம் இருக்கும்.

நான் தாராள மனசுக்காரி இல்லை. அம்மா வீட்டில் ஒரு கொய்யாக்காயைக்கூட அண்ணனுக்குப் பிட்டுக் கொடுத்தது கிடையாது. சேலம் எனக்கு வேண்டும். அந்த நிமிஷத்தில்கூட அது ஒரு துளி குறையவில்லை. ஆனாலும் சொன்னேன்.

"உங்களுக்கு மனசில்லைன்னா வேண்டாமுங்க. ஊருக்கே போயிடலாம்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என்னை அழவிட்டார். ஜட்காக்காரர் முன்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு குதிரைக்கு ஏதோ சொன்னார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்ட பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

"வேண்டாம்னு அவங்ககிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன்."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. ஏறியதும் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"அப்ப என்னைய எதுக்கு அழ வெச்சீங்க?"

"நீயும் ஒருக்காச் சொல்லோணும்னு இருந்துச்சு."

அந்த ஷூவைக் கழற்றி நடுரோட்டில் வீச வேண்டும் போலிருந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றை விட்டுக்கொடுத்தேன். அது என் கையில் இல்லாத பொருளாகப் போயிற்று. நான் சொல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரிந்தது. அப்போதும் ஊருக்குத்தான் போயிருப்போம், ஆனால் அவர் என்னை வேறு மாதிரி பார்த்துக்கொண்டு வந்திருப்பார். கோபத்தோடு கோபமாக அவர்மேல் பிரியமும் வந்து தொலைத்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"செவ்வாப்பேட்டைக்காம்மா, பஸ் ஸ்டாண்டுக்கா?" என்று கேட்டார் ஜட்காக்காரர்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்கு என்றேன்.

வண்டி கடைவீதி வழியாகத்தான் போயிற்று. பூக்கடைச் சத்தமும் துணிக்கடைச் சத்தமும் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டே வந்தன. நான் மடியில் இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை தலையை நிமிர்த்தித் தெருவைப் பார்த்திருந்தாலும் இறங்கியிருப்பேன்.